ஆரணியின் ஆறு தாள்கள்

அரசாங்கப் பரீட்சை வாரத்தில் நான் காலை ஏழு மணிக்கே பள்ளிக்கூடத்துக்கு வந்து பாண் வாட்டுவேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்தெட்டுப் பேருக்கும் ரோஸ்ற்றும் பட்டரும், கேட்டவர்களுக்கு ஜாமும். சமையலறை ஆட்கள் எட்டு மணிக்குத்தான் வருவார்கள், அதனால் பதினொரு வருடமாக அந்த வேலையை நானே செய்கிறேன். தலைமை ஆசிரியை ஏப்ரன் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் பிள்ளைகளுக்குப் பாதிப் பயம் போய்விடும். இந்த மே மாதமும் அப்படித்தான் நின்றேன். ஆரணியின் தட்டில் மட்டும் நாலு நாளும் பாண் அப்படியே கிடந்தது.

பொலிஸில் இருந்து வந்த நீங்களும் தமிழ்ப் பிள்ளை என்றது எனக்கு ஆறுதலாக இருக்கிறது. இங்கிலிஷில் கேட்டிருந்தால் நான் பள்ளிக்கூடத்து மிஸ்ஸஸ் இராஜேந்திரனாகவே பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். அந்த அம்மாவிடம் எதற்கும் ஒரு அறிக்கை தயாராக இருக்கும். தமிழில் நான் வெறும் கனகாம்பிகை. வக்கீல் வேண்டுமா என்று இரண்டு தரம் கேட்டுவிட்டீர்கள். வேண்டாம். நான் ஒளிக்க வந்தவள் இல்லை. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன், நடுவில் மறிக்காதீர்கள், கேள்விகளைக் கடைசியில் கேளுங்கள். வகுப்பிலும் எனக்கு அதுதான் பழக்கம்.

முதலில் பள்ளிக்கூடத்தின் நிலைமையைச் சொல்ல வேண்டும். பிளேஸ்டோவில் பிள்ளைகள் குறைந்துகொண்டு வருகிறார்கள். வாடகை கட்ட ஏலாத குடும்பங்கள் ஒவ்வொன்றாக லண்டனை விட்டுப் போகின்றன. போன செப்டம்பரில் முதல் வகுப்புக்கு அறுபது இடம் வைத்திருந்தேன், வந்து சேர்ந்தது முப்பத்தொரு பிள்ளைகள். எங்கள் பள்ளிக்கூடமும் பத்து நிமிட நடையில் இருக்கும் இன்னொரு பள்ளிக்கூடமும் ஆக இரண்டில் ஒன்றை மூடுவோம் என்று கவுன்சில் டிசம்பரில் எழுதியது. எதை என்பதை யூலையில் முடிவு செய்வார்களாம். கவுன்சில் கூட்டத்தில் ஒரு பெண் மிகவும் மரியாதையாகச் சொன்னார்: போன வருடம் உங்கள் ஆறாம் வகுப்பில் பாதிப் பேர்கூடத் தேறவில்லை, இந்த வருடம் அறுபது வீதத்துக்கு மேல் போனால் உங்களுக்காகப் பேச எங்களுக்கு ஒரு காரணம் இருக்கும்.

அன்று தொடக்கம் எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. பதினொரு வருடம், பிள்ளை. முதல் வருடம் மழைக்கு மண்டபம் ஒழுகியது, நானே வாளி வைத்தேன். எங்கள் கோயில் மலரில் தலைமை ஆசிரியை என்று என் படம் போட்டபோது என் கணவர் அதைச் சட்டம் போட்டு மாட்டினார். நாற்பது பேருக்கு அங்கே வேலை, இருநூற்றைம்பது பிள்ளைகள் படிக்கிறார்கள். கேற்றில் நின்று காலை வணக்கம் சொல்லும்போது அத்தனை பேரும் என் கையில் தொங்குவது போல இருக்கும். எனக்குப் பயமாக இருந்தது. வாழ்க்கையில் அவ்வளவு பயந்தது இல்லை, கொழும்பில் விமானம் ஏறும்போதுகூட.

ஆறாம் வகுப்புப் பெயர்ப் பட்டியலை எடுத்து வைத்து ஒவ்வொரு பிள்ளையாக யோசித்தேன். பதினாறு பேர் எப்படியும் தேறுவார்கள். பதினாறு என்றால் ஐம்பத்தேழு வீதம். பதினேழு என்றால் அறுபது தாண்டும். அந்தப் பதினேழாவது பிள்ளைதான் ஆரணி. பெரிய கெட்டிக்காரி என்று சொல்ல மாட்டேன், ஆனால் எடுத்த கணக்கை முடிக்காமல் விட மாட்டாள். பின்னங்கள்தான் அவளுக்கு வரவே இல்லை. ஜனவரியில் இருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் அறைக்குக் கூப்பிட்டு நானே சொல்லிக் கொடுத்தேன். ஏப்ரலில் ஒரு நாள் எல்லாக் கணக்கும் சரியாக வந்துவிட்டது. கொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அந்தப் பிள்ளையில் நல்ல விருப்பம். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அவளுடைய தாய் சுசிலா. தகப்பன் பெனடிக்ற் லண்டனின் மறுகோடியில், ஹவுன்ஸ்லோவில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் ஷிப்ட் வேலை, வாரநாட்களில் அங்கேயே ஒரு சிநேகிதரின் அறையில் தங்கிவிடுவார். சுசிலாவுக்கு இங்கிலிஷ் ஓடாது. அவரைப் போன்ற தாய்மார் எங்கள் பள்ளிக்கூடத்தில் முப்பது பேராவது இருக்கிறார்கள், எல்லோருக்கும் என் கைப்பேசி இலக்கம் தெரியும். வைத்தியருக்கு எடுப்பதற்கு முதல் எனக்குத்தான் எடுப்பார்கள். வீட்டு வாடகைக் கடிதம், பெனிபிட் படிவம், பல் வைத்தியர், எல்லாவற்றுக்கும் நான்தான் மொழிபெயர்ப்பு. யாரும் என்னைக் கேட்டு நியமித்ததில்லை. ரீச்சர் சொன்னால் அது சரி என்று எங்கள் சனத்துக்கு ஒரு நினைப்பு, அதை நான் ஒரு நாளும் கெடுத்துக்கொண்டதில்லை.

திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு சுசிலா எடுத்தார். நான் அப்போது காரில் இருந்தேன்.

"ரீச்சர், பிள்ளைக்கு இராத்திரி முழுக்க வயித்துக்குத்து. ரெண்டு தரம் சத்தி எடுத்திட்டாள். இண்டைக்கு விடேலாது போல கிடக்கு."

"சோதினைப் பயம், சுசிலா. எல்லாப் பிள்ளையளுக்கும் வாறதுதான். பனடோல் குடுத்து வெளிக்கிடுத்துங்கோ. நான் வந்து காரில ஏத்திக்கொண்டு போறன்."

"அப்ப சரி ரீச்சர். நீங்கள் சொன்னால் சரி."

உண்மையிலேயே பயத்தில் வயிறு நோகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். இருபத்தாறு வருடத்தில் நூறு பேரையாவது பார்த்திருப்பேன். திங்களுக்கு இலக்கணம் ஒரு தாள், எழுத்துக்கூட்டல் ஒரு தாள். ஆரணி இரண்டையும் எழுதினாள்.

பிள்ளைக்கு வருத்தம், காய்ச்சல் என்றால் பிறகொரு நாள் பரீட்சை எழுத வழி இருக்கிறது, ஐந்து பள்ளி நாட்களுக்குள். தலைமை ஆசிரியர் ஒரு படிவம் அனுப்ப வேண்டும். கணினியில் பத்து நிமிட வேலை. அதை ஏன் அனுப்பவில்லை என்று உங்கள் முகமே கேட்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

செவ்வாய்க்கிழமை வாசிப்புத் தாள். காலையில் ஏற்றப் போனபோது பிள்ளை படிகளில் ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு இறங்கினாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. ஒரு மணித்தியாலம் இருந்து எழுதினாள். பள்ளிக்கூடம் விட்டதும் நானே வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டேன், அங்கே சுசிலா என் கையைப் பிடித்துக்கொண்டார். வைத்தியருக்குச் சொல்லிப் பார்ப்பம் ரீச்சர், எனக்குக் கதைக்கத் தெரியாது என்றார். அதனால் அந்த அழைப்பை நான்தான் எடுத்தேன், என் கைப்பேசியில். அரசாங்க வைத்திய ஆலோசனை இலக்கம், 111. நீங்கள் கேட்ட ஒலிப்பதிவு அதுதான். பிள்ளையின் பெயரும் பிறந்த தேதியும் கேட்டார்கள், கொடுத்தேன். அது ஒரு நாள் இந்த மேசைக்கு வந்து சேரும் என்று அப்போது யோசிக்கவில்லை.

போனில் வந்த தாதி நல்ல பெண், ஒவ்வொன்றாக ஆறுதலாகக் கேட்டார். எங்கே நோகிறது என்று கேட்டார். சுசிலா சொன்னதை நீங்கள் கேட்டிருப்பீர்கள்: "முதல் தொப்புளடியில நொந்தது ரீச்சர். இப்ப வலப்பக்கம், கீழ. தொட விடுறாளில்லை." நான் இங்கிலிஷில், வயிற்றின் நடுவில், விட்டு விட்டு வருகிறதாம் என்றேன். காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டார். "கொதிக்குது ரீச்சர்" என்றார் சுசிலா. லேசாக இருந்தது, இப்போது இல்லை என்றேன். நடக்க முடிகிறதா என்று கேட்டார். சுசிலா வாய் திறக்க முதல், இன்று பள்ளிக்கூடம் போய் வந்தாள் என்று நானே சொன்னேன். அது பொய் இல்லைத்தானே.

பிள்ளையோடு பேச முடியுமா என்று தாதி கேட்டார். ஆரணிக்கு இங்கிலிஷ் தண்ணி பட்ட பாடு, இங்கே பிறந்த பிள்ளை. போனை அவளிடம் நீட்டினேன். கட்டில் காலடியில் நின்றேன். அவள் போனைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள். நான் லேசாகத் தலையாட்டினேன், நன்றாகச் செய்கிறாய் என்று வகுப்பில் தலையாட்டுவேனே, அதே மாதிரி. "கொஞ்சம் பரவாயில்லை" என்று அவள் இங்கிலிஷில் சொன்னாள்.

நோவு கூடினாலோ வலப்பக்கம் இறங்கினாலோ நேரே அவசரப் பிரிவுக்குப் போகச் சொன்னார் தாதி. சுசிலாவுக்கு நான் சொன்னது வேறு: "பனடோல் குடுத்துப் படுக்க விடட்டாம். பயப்பட ஒண்டுமில்லையாம்." அந்தப் பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டது. "நீங்கள் இல்லாட்டி நான் என்ன செய்வன் ரீச்சர்" என்று சொல்லித் தேத்தண்ணி போட்டுத் தந்தார். குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

புதன்கிழமை கணக்கு, இரண்டு தாள். ஆறாம் வகுப்பு ஆசிரியை பிரீத்தா சென்னைப் பெண், வேலைக்கு வந்து இரண்டாம் வருடம். முதல் தாள் முடிந்ததும் என் அறைக்கு ஓடி வந்தார்.

"மேம், ஆரணிக்கு சுத்தமா முடியல. டேபிள் மேல தலைய வச்சுக்கிட்டு எழுதறா. நான் அவங்க அம்மாவுக்கு போன் பண்றேன்."

"நேற்று நானே வைத்தியரோட கதைச்சனான். ஒண்டுமில்லை எண்டவை."

"இல்ல மேம், பாக்கவே பயமா இருக்கு."

"பிரீத்தா, நீங்கள் மண்டபத்துக்குப் போங்கோ. ஆரணியை இங்க அனுப்புங்கோ."

போனார். அவரில் ஒரு பிழையும் இல்லை. நான் சொன்னதை நம்பினார், அவ்வளவுதான். இதை எங்கேயாவது பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள், அந்தப் பெண்ணுக்கு இன்னும் முப்பது வருடச் சேவை இருக்கிறது.

இரண்டாவது தாளை ஆரணி என் அறையில் எழுதினாள். வருத்தமான பிள்ளையைத் தனி அறையில், இடைக்கிடை ஆறவிட்டு எழுத வைக்கலாம், விதியில் இடம் இருக்கிறது. என்னுடைய நாற்காலியைக் கொடுத்தேன். சுடுதண்ணீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றி வயிற்றில் வைத்துப் பிடித்தேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பேனையைக் கீழே வைப்பாள், நான் முதுகைத் தடவி விடுவேன், திரும்ப எடுப்பாள். பின்னக் கணக்கு வந்தபோது அவளே என்னைத் திரும்பிப் பார்த்தாள். பார்க்கக் கூடாது என்று கையைக் காட்டினேன். அந்த விஷயத்தில் நான் கண்டிப்பு. ஒரு விடையைக்கூட நான் சொல்லிக் கொடுத்ததில்லை. என் பள்ளிக்கூடத்தில் யாரும் பரீட்சையில் களவு செய்ததில்லை.

வியாழக்கிழமை காலை சுசிலா மறுபடியும் எடுத்தார். இந்தமுறை சிரிப்பும் அழுகையுமாக இருந்தார்.

"ரீச்சர், நோ நிண்டிட்டுதாம். விடியப்புறமா ஒரேயடியா நிண்டிட்டுது எண்டு சொல்லுறாள். மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினனான்."

"நல்ல விஷயம் சுசிலா. நான் இப்ப வாறன்."

ஆரணி வயிற்றைக் கையால் பிடிக்காமல் தானே நடந்து வந்து காரில் ஏறினாள். முகம் கடதாசி போல வெளுத்திருந்தது, கை குளிர்ந்திருந்தது. கடைசித் தாள் நாற்பது நிமிடம். எல்லோரோடும் மண்டபத்தில் இருந்துதான் எழுதினாள், தானாகவே கேட்டாள். பேனையை வைக்கச் சொன்னபோது கடைசிப் பக்கத்தில் இருந்தாள். அதன் பிறகு வழக்கம் போல எல்லோருக்கும் முற்றத்தில் ஐஸ்கிரீம். வரிசையில் நின்றபடியே விழுந்தாள்.

ஆம்புலன்ஸில் நானும் சுசிலாவும் போனோம். ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளர் வரத் தாமதமாகும் என்றார்கள், நான் இருக்கிறேன் என்றேன். எப்போது தொடங்கியது என்று வைத்தியர் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை இரவு என்று சுசிலா சொன்னார், அப்படியே சொன்னேன். பனடோல் கொடுத்ததைச் சொன்னார், அதையும் சொன்னேன். "ரீச்சருக்கு அண்டைக்கே சொன்னனான்" என்றார். அதைச் சொல்லவில்லை. ஒரே ஒரு வசனத்தைத்தான் விட்டேன். இத்தனை நாளும் தாய் யாருக்குமே சொல்லவில்லையா என்று வைத்தியர் என்னைப் பார்த்துக் கேட்டார். இவர்கள் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்கிற ஆட்கள் என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார்.

குடல்வால் வெடித்து நஞ்சு உடம்பெல்லாம் பரவிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை ஆரணி இறந்துபோனாள். அன்று பள்ளிக்கூடத்தில் ஐந்து நிமிடம் மௌனம் வைத்தேன். சின்னப் பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடம் அதிகம் என்று சொன்னார்கள். ஒருவரும் அசையவில்லை.

சனிக்கிழமை செத்தவீட்டுக்குப் போனேன். பெனடிக்ற் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுசிலாவைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன்: போன் எடுத்ததை யாருக்கும் சொல்லாதீர்கள். இவ்வளவு தெரிந்தும் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று உங்களைத்தான் கேட்பார்கள். பிறகு சுஜீத்தைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். சுஜீத் இரண்டாவது பிள்ளை, ஆறு வயது, எங்கள் முதலாம் வகுப்பு. பிள்ளையைக் கவுன்சில்காரர் கொண்டுபோவார்கள் என்றால் எங்கள் சனத்துக்குக் குலை நடுங்கும், அது உங்களுக்கும் தெரிந்திருக்கும். சுசிலா என் காலில் விழப் பார்த்தார், நான் தூக்கிவிட்டேன்.

அவர் வாய் திறக்கவில்லை. அதனால் நாலு நாள் பிள்ளையை நோவோடு வைத்திருந்த தாய் என்று ஆகிவிட்டார், சுஜீத்தைக் கொண்டுபோய்விட்டார்கள். தெற்கு லண்டனில், மிச்சம் என்ற இடத்தில் ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கிறான். அதற்குப் பிறகுதான் சுசிலா உண்மையைச் சொன்னாராம், அப்போது யாரும் நம்பவில்லை. அவருடைய போனில் வைத்தியருக்கு எடுத்த ஒரு அழைப்பும் இல்லை. என்னைக் கேட்டபோது, காலையில் பரீட்சை நேரம் கேட்டு எடுப்பார், துயரத்தில் குழம்புகிறார் பாவம் என்றேன். அடுத்த மாதம் சுஜீத் விஷயமாக நீதிமன்றத்தில் தனக்கு மொழிபெயர்க்க யாரை வேண்டும் என்று கேட்டதற்கு, சுசிலா இன்னும் என் பெயரைத்தான் சொன்னாராம். சமூக சேவகி ஆச்சரியப்பட்டுச் சொன்னார். வேறு யாரைத் தெரியும் அந்தப் பெண்ணுக்கு. நானும் வருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். நீங்கள் அந்த ஒலிப்பதிவைக் கொண்டு வந்திருக்காவிட்டால் போயிருப்பேன், நன்றாகத்தான் செய்து கொடுத்திருப்பேன்.

சுஜீத்தை எப்போது திருப்பிக் கொடுப்பார்கள்? அவனுக்கு வாசிப்பு இப்போதுதான் பிடிபட்டு வந்தது. இப்படியே வராமல் இருந்தால் எல்லாம் விட்டுப்போகும்.

படிவத்துக்கு வருகிறேன். என் மகனுக்கும் பதினொரு வயதில் இதே வருத்தம் வந்தது. தொப்புளடியில் தொடங்கி வலப்பக்கம் இறங்கியது, அன்றைக்கே ஒப்பரேஷன் செய்து குடல்வாலை வெட்டினார்கள், இரண்டு கிழமை வீட்டில் படுத்திருந்தான். அதனால் ஐந்து நாள் போதாது என்று எனக்குத் தெரியும். வைத்தியரிடம் காட்டினால் வெட்டுவார்கள், வெட்டினால் ஆரணி எந்தத் தாளும் எழுத மாட்டாள், எழுதாத பிள்ளை தேறாத பிள்ளை என்றுதான் கணக்கு. படிவம் எனக்கு உதவாது. திங்கட்கிழமை சந்தேகமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை சுசிலா வலப்பக்கம் என்று சொன்னபோது சந்தேகம் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஒலிப்பதிவில் அது இல்லை. என் மகனை வெட்டின வைத்தியர் சொன்னார், நல்ல வேளை நோவோடேயே கொண்டு வந்தீர்கள், ஒரேயடியாக நின்றிருந்தால்தான் பயப்பட வேண்டும், வெடித்துவிட்டது என்று அர்த்தம் என்று. வியாழன் காலை, நோ நின்றுவிட்டதாம் என்று சுசிலா சொன்னபோது எனக்கு அது நன்றாக ஞாபகம் வந்தது. காரை ஓரமாக நிறுத்தினேன். ஒரே ஒரு தாள்தான் மீதி, நாற்பது நிமிடம், அது முடிந்த உடனே நானே கொண்டு போகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு திரும்பக் காரை எடுத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை பெறுபேறு வந்தது. பதினேழு பேர். ஆரணிக்குத் தேறுவதற்கு மேலே இரண்டு புள்ளி. பள்ளிக்கூடம் மூடப்படாது என்று கவுன்சில் எழுதியிருக்கிறது.

இனி நீங்கள் கேட்கலாம். பிள்ளையைக் கேட்டிருக்கலாமே என்றுதானே கேட்கப் போகிறீர்கள்? கேட்டேன். நாலு காலையும் கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "எழுதுவியோ அம்மா" என்று கேட்டேன். நாலு காலையும் "ஓம் மிஸ்" என்றுதான் சொன்னாள். நான் ஒரு பிள்ளையையும் ஒரு நாளும் வற்புறுத்தியதில்லை.